செவ்வாய் கிரகத்து பைலைத் திறக்க முடியவில்லை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதம் கழித்து என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "போட்டோ, பாட்டு, கடைக் கணக்கு எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன் சார். இது எத்தனை வருஷம் இருக்கும்?" பேக் அப் எடுத்து வையுங்கள் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை யாரும் காதில் போட்டுக் கொள்வதில்லை. எனவே இந்த மாதம் வேறு வழியில் வருகிறேன். செவ்வாய் கிரகத்தில் உயிர் இருக்கிறதா என்று 1976ஆம் ஆண்டில் நாசா செய்த சோதனைகளின் டேட்டாவுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் கிடைத்த டேட்டா அது. இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் கேட்டபோது, அதைத் திறந்து படிக்க ஆள் இல்லை.

இது பழைய கதை மட்டுமல்ல. கிரகங்களைப் பற்றியும் அவற்றில் உயிர் வாழ முடியுமா என்பது பற்றியும் அண்மையில் வந்த முக்கியமான முடிவுகளில் பல, புதிய விண்கலத்திலிருந்து வந்தவை அல்ல. பழைய பைல்களை மறுபடியும் திறந்து பார்த்ததில் கிடைத்தவை.

வைக்கிங் கொண்டு போன கம்ப்யூட்டர்

வைக்கிங் 1 என்ற விண்கலம் 1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் இறங்கியது. அதன் இரட்டைப் பிறவியான வைக்கிங் 2 அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று வேறொரு சமவெளியில் இறங்கியது. ஒவ்வொன்றிலும் ஹனிவெல் நிறுவனத்தின் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றொன்று. மெமரி எவ்வளவு தெரியுமா? இன்றைய கணக்கில் சொன்னால் சுமார் 54 கிலோ பைட். உங்கள் மொபைலில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிட ஐம்பது மடங்காவது பெரியதாக இருக்கும்.

டேட்டாவைச் சேர்த்து வைக்க ஒரு டேப் ரெக்கார்டர். அதன் கொள்ளளவு 4 கோடி பிட். இங்கே புதியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 4 கோடி பிட் என்பது 50 லட்சம் பைட், அதாவது 5 எம்.பி. ஒரு எம்பி3 பாட்டு அளவு. இன்டர்நெட் இணைப்பு விற்பவர்கள் வேகத்தைப் பிட்டில்தான் சொல்வார்கள். நாம் பைல் அளவைப் பைட்டில் பார்ப்போம். நூறு என்று சொன்னார்களே, பன்னிரண்டுதானே வருகிறது என்று சண்டைக்குப் போவதற்கு முன் எட்டால் வகுத்துப் பாருங்கள்.

தரையில் நின்ற கலம், மேலே சுற்றிக் கொண்டிருந்த தாய்க்கலத்துக்கு நொடிக்கு 16,000 பிட் வேகத்தில் டேட்டாவை அனுப்பியது. அந்த 5 எம்.பி. மேலே ஏற முக்கால் மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து பூமிக்கு. இப்படிச் சொட்டுச் சொட்டாக வந்து சேர்ந்ததுதான் நாம் பேசப் போகும் டேட்டா.

பெட்டிக்குள் நடந்தது என்ன?

உயிரைத் தேடுவதற்காகவே ஒரு கன அடி அளவுள்ள பெட்டி ஒன்றை வைக்கிங்கில் வைத்திருந்தார்கள். அதற்குள் மூன்று சோதனைச்சாலைகள். ஒவ்வொன்றும் செவ்வாய் மண்ணைக் கொஞ்சம் எடுத்து வேறு வேறு முறையில் சோதிக்கும். மூன்றையும் விளக்கினால் இடம் போதாது. சர்ச்சை கிளப்பிய ஒன்றை மட்டும் பார்ப்போம்.

கில்பர்ட் லெவின் என்பவர் அடிப்படையில் சுகாதாரப் பொறியாளர். குடிநீரில் கிருமி கலந்திருக்கிறதா என்று விரைவாகக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். நுண்ணுயிர்கள் விரும்பிச் சாப்பிடும் பொருள்களைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சாப்பாட்டில் இருக்கும் கார்பன் சாதாரண கார்பன் அல்ல, கதிரியக்கம் உள்ள கார்பன் 14. கிருமி அதைத் தின்று வாயுவாக வெளியே விட்டால், அந்த வாயுவிலும் கதிரியக்கம் இருக்கும். கருவி அதை எண்ணிவிடும். இதே முறையை லெவினும் அவருடன் பணியாற்றிய பாட்ரீசியா ஸ்ட்ராட்டும் செவ்வாய்க்கு அனுப்பினார்கள்.

செவ்வாய் மண்ணில் அந்தச் சத்து நீர் சொட்டியதும் வாயு குபுகுபுவென்று வந்தது. எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. சரி, இது உயிர்தானா, அல்லது வெறும் ரசாயன விளையாட்டா? அதற்கும் முன்கூட்டியே ஒரு சோதனை திட்டமிட்டிருந்தார்கள். அதே மண்ணை எடுத்து 160 டிகிரி சூட்டில் மூன்று மணி நேரம் வாட்டிவிட்டுப் பிறகு சத்து நீர் கொடுப்பது. உயிர் இருந்திருந்தால் செத்திருக்கும்; வாயு வராது. அப்படியே நடந்தது. வாயு வரவில்லை. இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் இருந்தும், இரண்டு கலங்களிலும் சத்து நீர் பட்டதும் வாயு வந்தது.

புறப்படுவதற்கு முன் எழுதி வைத்த விதிப்படி பார்த்தால் இது "உயிர் உண்டு" என்ற விடை. ஆனால் யாரும் அப்படி அறிவிக்கவில்லை. காரணம் இன்னொரு கருவி. மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கி, அதிலிருந்து வரும் ஆவியில் கரிமப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று மூக்கை நுழைத்துப் பார்க்கும் கருவி அது. கரிமப் பொருள் என்றால் கார்பனை அடிப்படையாகக் கொண்ட மூலக்கூறுகள். நம் உடம்பு முழுவதும் அதுதான். அந்தக் கருவியின் கண்ணில் பட்டவை குளோரின் கலந்த இரண்டு எளிய பொருள்கள் மட்டுமே. அவை பூமியில் கருவியைச் சுத்தம் செய்யப் பயன்படுத்திய திரவத்தின் மிச்சம் என்று முடிவு செய்தார்கள். செவ்வாய்க்குச் சொந்தமான கரிமப் பொருள் ஒன்றுகூட இல்லை. உடம்பே இல்லாத இடத்தில் உயிர் எங்கே இருந்து வரும்? மண்ணில் உள்ள ஏதோ ஒரு ரசாயனம்தான் சத்து நீரைச் சிதைத்து வாயு வரவழைத்தது என்று பெரும்பாலோர் முடிவுக்கு வந்தார்கள்.

அதன்பின் நாசாவின் அடுத்த கலம் செவ்வாயில் இறங்க 21 ஆண்டுகள் ஆயின. லெவின் மட்டும் ஒத்துக் கொள்ளவே இல்லை. நாங்கள் உயிரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று 2021இல் இறக்கும் வரை சொல்லிக் கொண்டிருந்தார்.

டேப் இருக்கிறது, படிக்க ஆள் இல்லை

இனிமேல்தான் நம் விஷயம். 1999ஆம் ஆண்டு. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் மில்லர் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர். உயிர்களின் உடலுக்குள் ஓடும் இரவு பகல் கடிகாரம் அவருடைய துறை. வைக்கிங் படங்களில் ஒன்றைப் பார்த்தபோது, வாயு ஒரே சீராக ஏறாமல் நாளுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதுபோல் அவருக்குத் தோன்றியது. சரியாக அளந்து பார்க்க வேண்டும் என்று நாசாவிடம் மூல டேட்டாவைக் கேட்டார்.

டேட்டா மேக்னடிக் டேப்பில் இருந்தது. தொலைந்து போகவில்லை, எரிந்து போகவில்லை. ஆனால் எந்தப் பார்மட்டில் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லக் கூடியவர்கள் இல்லை. அந்தப் பார்மட் தெரிந்த புரோகிராமர்கள் காலமாகிவிட்டார்கள்.

பார்மட் என்றால் என்ன என்பதைப் புதியவர்கள் இந்த இடத்தில் புரிந்து கொள்ளலாம். கம்ப்யூட்டரில் எந்தப் பைலாக இருந்தாலும் உள்ளே இருப்பது வெறும் எண்கள். எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற ஒப்பந்தம்தான் பார்மட். ஒரு மளிகைக் கடை நோட்டில் தலைப்பே இல்லாமல் 12, 40, 3, 7 என்று எழுதியிருந்தால் எது அரிசி, எது விலை, எது தேதி என்று கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் இல்லாவிட்டால் நோட்டு இருந்தும் பயன் இல்லை.

இதே தொல்லையை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு தமிழ் பாண்ட் வைத்து டைப் செய்து கொண்டிருந்தோம். அந்தப் பைலை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் ஆச்சரியக் குறியும் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கும். டைப் செய்தவர் எந்தப் பாண்ட் பயன்படுத்தினார் என்று தெரிந்தால் தமிழாக மாற்றிவிடலாம். தெரியாவிட்டால் தலையைப் பிய்த்துக் கொள்ள வேண்டியதுதான். என்னிடம் ஒரு அட்டைப் பெட்டி நிறைய அப்படிப்பட்ட பிளாப்பிகள் இருக்கின்றன.

மில்லரைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? பேப்பர். லெவினும் ஸ்ட்ராட்டும் அந்தக் காலத்துப் பிரின்ட் அவுட்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அதில் இருந்த எண்களைத் திரும்பக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். முழுவதும் அல்ல, ஒரு பகுதி. மில்லர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. வாயுவின் அளவு 24.66 மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கியது. செவ்வாயின் ஒரு நாள் சரியாக அவ்வளவுதான்.

உடனே உயிர் என்று துள்ள வேண்டாம். பெட்டிக்குள் வெப்பமும் நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கிறது. வெப்பம் மாறினால் வாயு கரைவதும் வெளிவருவதும் மாறும், அதற்கு உயிர் தேவையில்லை என்பவர்கள் இன்றும் அதிகம். என் கட்சியும் அதுதான். ஆனால் லெவின் சரியா தவறா என்று வாதாடுவதற்காவது டேட்டா வேண்டுமே! அது கிடைத்ததே இரண்டு பேர் பழைய காகிதங்களை எடைக்குப் போடாததால்தான்.

மைக்ரோபிலிம் சுருள்

நாசாவின் கோடார்ட் விண்வெளி மையத்தில் பழைய டேட்டாக்களைப் பாதுகாக்கும் ஒரு காப்பகம் இருக்கிறது. அங்கே பணிபுரியும் டேவிட் வில்லியம்ஸ் என்பவர் வைக்கிங்கின் உயிரியல் டேட்டாவைத் தேடியபோது, அது மைக்ரோபிலிம் சுருள்களாக மட்டும் இருப்பதைப் பார்த்து அதிர்ந்து போனார். மைக்ரோபிலிம் என்பது காகிதப் பக்கங்களை மிகச் சிறிதாகப் படம் பிடித்த பிலிம். பூதக்கண்ணாடி போன்ற கருவியில் வைத்துத்தான் படிக்க முடியும். அதற்கு வேறு பிரதியும் இல்லை. இரவல் கேட்டால் கொடுக்க முடியாது, போனால் போனதுதான். எனவே அதை ஸ்கேன் செய்து டிஜிட்டலாக மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள்.

பலன் பிறகு தெரிந்தது. ஆனால் அதற்கு முன் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2008 மே மாதம் பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாயின் வட பகுதியில் இறங்கியது. அது மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தபோது பெர்குளோரேட் என்ற உப்பு கிடைத்தது. பட்டாசிலும் ராக்கெட் எரிபொருளிலும் பயன்படுவது. குளிரில் சாதுவாக இருக்கும். சூடாக்கினால் ஆக்சிஜனைக் கக்கி, பக்கத்தில் இருக்கும் கரிமப் பொருளை எரித்துவிடும்.

வைக்கிங் கருவி என்ன செய்தது? மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கியது! அதாவது கரிமப் பொருளைத் தேடப் போன கருவியே அதைக் கொளுத்திவிட்டிருக்கலாம். மெக்சிகோவைச் சேர்ந்த ரபேல் நவாரோ கொன்சாலஸ் குழுவினர் சிலி நாட்டு அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கிப் பார்த்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வைக்கிங் பார்த்த அதே இரண்டு குளோரின் பொருள்கள் வந்தன. சுத்தம் செய்த திரவத்தின் மிச்சம் என்று ஒதுக்கியது, உண்மையில் செவ்வாயின் கரிமப் பொருள் எரிந்த சாம்பலாக இருக்கலாம்.

இப்படி எரிந்தால் அந்த இரண்டு மட்டும்தான் வருமா? குளோரோபென்சீன் என்ற இன்னொரு பொருளும் வர வேண்டும். கியூரியாசிட்டி ரோவர் செவ்வாய்ப் பாறை ஒன்றைத் துளைத்து எடுத்த தூளில் அது இருந்ததாக 2014 டிசம்பரில் அறிவித்தார்கள். அப்படியானால் வைக்கிங்கும் பார்த்திருக்க வேண்டுமே? 1976இல் யாரும் அதைத் தேடவில்லை. இப்போது தேட வேண்டுமானால் மூல டேட்டா வேண்டும். ஸ்கேன் செய்த மைக்ரோபிலிம் இங்கேதான் கை கொடுத்தது. மெலிசா குஸ்மான் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வைக்கிங் 2 கலத்தின் டேட்டாவில், நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அளவுகளில், குளோரோபென்சீன் இருந்தது. முடிவு 2018இல் வெளிவந்தது. கருவியிலேயே ஒட்டியிருந்த அழுக்கிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பை முழுவதும் தள்ளிவிட முடியாது என்றும் நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். செவ்வாயில் கரிமப் பொருள் இருக்கிறது என்ற செய்தி 42 ஆண்டுகள் ஒரு பிலிம் சுருளில் தூங்கிக் கொண்டிருந்திருக்கலாம்.

கியூரியாசிட்டி துளைத்த அந்தப் பாறைக்குக் கம்பர்லேண்ட் என்று பெயர். 2013இல் எடுத்த அதன் தூள் ரோவருக்குள் மிச்சம் இருந்தது. அதை வேறு முறையில் சோதித்ததில் 10, 11, 12 கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோர்த்த மூலக்கூறுகள் கிடைத்ததாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. செவ்வாயில் அதுவரை கிடைத்த கரிம மூலக்கூறுகளிலேயே பெரியவை இவை. கொழுப்பு அமிலங்கள் உடைந்து வந்தவையாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனாலும் கரிமப் பொருள் என்றாலே உயிர் என்று பொருள் அல்ல. விண்கற்களிலும் அது ஏராளமாக இருக்கிறது. செங்கல் கிடைத்தால் வீடு இருந்தது என்று சொல்லிவிட முடியுமா?

வீட்டில் காத்திருந்த டேப் டிரைவ்

பார்மட் மறந்து போவது ஒரு ஆபத்து என்றால், படிக்கும் மெஷினே இல்லாமல் போவது இன்னொன்று. உங்கள் வீட்டில் பிளாப்பி இருக்கலாம். பிளாப்பி டிரைவ் இருக்கிறதா? இப்போது வரும் லேப்டாப்களில் சி.டி. டிரைவும் இருப்பதில்லை.

1966, 67ஆம் ஆண்டுகளில் லூனார் ஆர்பிட்டர் என்ற ஐந்து கலங்கள் சந்திரனைச் சுற்றிப் படம் எடுத்தன. அப்பல்லோ எங்கே இறங்கலாம் என்று இடம் பார்க்கத்தான். அந்தப் படங்கள் சுமார் 1,500 பெரிய டேப்புகளில் இருந்தன. அவற்றைப் படிக்க ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ஒரு வகை டிரைவ் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு பிரிட்ஜ் அளவு. நான்சி எவான்ஸ் என்ற நாசா ஊழியர் டேப்புகள் குப்பைக்குப் போகாமல் தடுத்ததோடு, அந்த டிரைவ்களையும் வாங்கித் தம் வீட்டில் பல ஆண்டுகள் வைத்திருந்தார். பிறகு டென்னிஸ் விங்கோ, கீத் கோவிங் இருவரும் அவற்றை எடுத்துச் சென்று, நாசாவின் ஏம்ஸ் மையத்தில் மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக் கட்டடத்தில் வைத்துப் பழுது பார்த்தார்கள். 2008 நவம்பரில் முதல் படம் வந்தது. 1966இல் சந்திரனுக்கு அருகிலிருந்து எடுத்த பூமியின் படம். அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் வந்ததைவிட எவ்வளவோ தெளிவாக இருந்தது. டேப்பில் அந்தத் தெளிவு எப்போதும் இருந்திருக்கிறது. வெளியே எடுக்கும் வசதிதான் அன்று இல்லை.

வெள்ளி, யூரோப்பா, என்சலடஸ்

வெள்ளி கிரகத்தை மேகம் மூடியிருக்கும். மெகல்லன் என்ற கலம் 1990களின் தொடக்கத்தில் ரேடார் மூலம் அதன் தரையைப் படம் பிடித்தது. அந்தப் படங்களின் அளவு அப்போதைய கம்ப்யூட்டர்களுக்குத் தாங்காது. இன்று ஒரு நல்ல பெர்சனல் கம்ப்யூட்டரிலேயே முழுத் தெளிவுடன் நகர்த்திப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெரிக் அதைத்தான் செய்தார். ஒரே இடத்தை வேறு வேறு மாதங்களில் எடுத்த படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுமார் 200 மணி நேரம் கண்ணாலேயே ஒப்பிட்டார். கலம் வேறு வேறு கோணங்களிலிருந்து எடுத்ததால் புரோகிராம் எழுதி ஒப்பிடுவது சரிப்படவில்லை. மாட் மோன்ஸ் எரிமலையில் ஒரு வாய், 1991 பிப்ரவரியில் இருந்ததைவிட அக்டோபரில் ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாகி, வடிவமும் மாறியிருந்தது. வெள்ளியில் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று, 2023 மார்ச்சில் வெளியானது. படம் எடுத்து 32 ஆண்டுகள் கழித்து!

வியாழனின் நிலாக்களில் ஒன்று யூரோப்பா. பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதாகக் கருதப்படுவது. கலிலியோ கலம் 1997 டிசம்பரில் அதன் மிக அருகே பறந்தபோது காந்தப் புலத்தில் சில நிமிடங்கள் மட்டும் ஒரு வினோதமான துள்ளல் பதிவாகியிருந்தது. அப்போது யாருக்கும் அதன் காரணம் புரியவில்லை. யூரோப்பாவிலிருந்து தண்ணீர் பீறிட்டு அடிக்கலாம் என்று பின்னாளில் ஹபிள் தொலைநோக்கி மூலம் சந்தேகம் எழுந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷியான்சே ஜியா பழைய டேட்டாவை எடுத்துக் கம்ப்யூட்டர் மாடலில் ஓட்டிப் பார்த்தார். கலம் ஒரு நீர்ப் பீறலுக்குள் புகுந்து வந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே அந்தத் துள்ளல் பொருந்தியது. இது 2018இல். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030இல் அங்கே சேரும்போது நேரில் பார்த்துவிடலாம்.

சனியின் நிலா என்சலடஸ் விஷயத்தில் சந்தேகமே இல்லை. அங்கே நீர் பீறிடுவதைக் காசினி கலம் கண்ணால் கண்டது. காசினி 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள் விழுந்து அழிந்தது. ஆனால் அதன் டேட்டா அழியவில்லை. பிராங்க் போஸ்ட்பெர்க் குழுவினர் அதிலிருந்து, என்சலடஸ் கக்கிய பனித் துகள்களில் பாஸ்பேட் இருப்பதை 2023இல் கண்டுபிடித்தார்கள். பாஸ்பரஸ் நம் எலும்பிலும் மரபணுவிலும் இருக்கும் தனிமம். பூமிக்கு வெளியே உள்ள ஒரு கடலில் அது இருப்பது தெரிந்தது அதுவே முதல் முறை. 2025 அக்டோபரில் இன்னொன்று. 2008இல் காசினி நொடிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நீர்த் தாரைக்குள் பாய்ந்தபோது எடுத்த அளவுகளை நோசைர் கவாஜா குழுவினர் மறுபடி ஆராய்ந்து, புதிய வகைக் கரிமப் பொருள்களைக் கண்டார்கள். கலம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பைல்கள் இன்னும் வேலை செய்கின்றன.

இப்போது எப்படி வைத்திருக்கிறார்கள்?

வைக்கிங் பாடத்தை நாசா கற்றுக் கொண்டது. பிளானட்டரி டேட்டா சிஸ்டம் என்ற காப்பகம் 1989 முதல் இயங்குகிறது. கிரகங்களுக்குப் போகும் கலங்களின் டேட்டா இங்கே வந்து சேர வேண்டும். இதன் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஒவ்வொரு டேட்டா பைலுடனும் ஒரு லேபிள் பைல் இருக்க வேண்டும். அந்த லேபிள் சாதாரண டெக்ஸ்ட் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தக் கலம், எந்தக் கருவி, எந்தத் தேதி, உள்ளே எத்தனை வரிசை, எந்த எண் எதைக் குறிக்கிறது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். மளிகை நோட்டுக்குத் தலைப்பு எழுதியது போல. புரோகிராமர் இறந்து நூறு ஆண்டுகள் ஆனாலும், எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் அந்தப் பைலைப் புரிந்து கொள்ள முடியும்.

பெர்சவரன்ஸ் ரோவர் 2024 ஜூலையில் கண்ட செயாவா பால்ஸ் என்ற பாறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுத்தைப் புள்ளி போன்ற வட்டங்கள் கொண்டது. அந்தப் புள்ளிகளில் இருக்கும் இரும்புத் தாதுக்கள், பூமியில் பெரும்பாலும் நுண்ணுயிர்கள் இருக்கும் இடங்களில் உருவாகக் கூடியவை. உயிர் இருந்ததன் அடையாளமாக இருக்க வாய்ப்புள்ளது என்று 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. உயிர் இல்லாமலும் அவை உருவாகலாம் என்பதால், முடிவு சொல்ல அந்தக் கல் பூமிக்கு வர வேண்டும். அதைக் கொண்டு வர முன்பு போட்ட திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 வரை காத்திருக்க வேண்டும் என்று 2024இல் நாசாவே சொல்லித் திட்டத்தை மறுபரிசீலனைக்கு அனுப்பியது. கல் எப்போது வருமோ, டேட்டா மட்டும் பத்திரமாக இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் ஒருவருடைய பிள்ளைதான் அதில் எதையாவது கண்டுபிடிக்கப் போகிறதோ என்னவோ.

வீட்டில் செய்ய வேண்டியது

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க் எத்தனை வருஷம் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே முக்கியமான பைல்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளியே தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டிலோ ஆன்லைனிலோ ஒன்று என்று மூன்று பிரதிகள் இருக்கட்டும். பென் டிரைவை நம்பி எதையும் வைக்காதீர்கள். அது எடுத்துச் செல்வதற்கு, சேமிப்பதற்கு அல்ல. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். அதைவிட முக்கியம், எடுத்து வைத்த பேக் அப்பை வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள். நாசாவிடமும் டேப் இருந்தது!

பார்மட் விஷயத்தில், போட்டோவுக்கு ஜேபெக், கடிதத்துக்கு டெக்ஸ்ட் அல்லது பி.டி.எப். போன்று பல புரோகிராம்களில் திறக்கக் கூடியவையே நல்லது. ஒரே ஒரு கம்பெனியின் புரோகிராமில் மட்டும் திறக்கும் பைல் என்றால் கூடவே பொதுவான பார்மட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தமிழ் என்றால் யூனிகோட். ஒவ்வொரு போல்டரிலும் ஒரு டெக்ஸ்ட் பைல் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது, யார், எங்கே, எப்போது என்று நாலு வரி எழுதி வைத்தால், அதுதான் உங்கள் வீட்டு லேபிள் பைல்.

நாசாவின் லேபிள் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், பிளானட்டரி டேட்டா சிஸ்டம் என்று தேடி அதன் தளத்துக்குச் செல்லுங்கள். கட்டணம் இல்லை. புவி அறிவியல் பிரிவு செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே வைக்கிங் பகுதியில் லெவினின் சோதனை டேட்டாவும் உண்டு. லேபிள் பைலை டவுன்லோட் செய்து, ரைட் கிளிக் செய்து, ஓப்பன் வித் என்பதில் நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். முதல் சில வரிகளிலேயே கலத்தின் பெயர் இருக்கும். அதற்குரிய எண் பட்டியலை எக்செல்லில் திறந்து, நேரத்தையும் வாயு அளவையும் இரண்டு காலமாக வைத்து ஒரு கிராப் போட்டுப் பாருங்கள். கோடு மளமளவென்று ஏறிப் பிறகு அலை அலையாகப் போவது உங்கள் திரையிலேயே தெரியும்.